அது முடிக்கட்டும்

பேசிக்கொண்டிருக்கிற ஆளை அவள் நடுவில் தடுக்க மாட்டாள். தண்ணீர் குடிக்கிற மாட்டையும் தடுக்க மாட்டாள். தன்னைத் திட்டுகிறவரையும் தடுக்க மாட்டாள். ஒன்று தொடங்கிவிட்டால் அது முடிய வேண்டும். அதுவரை ஓரமாக நிற்பாள். அது நல்ல குணமா கெட்ட குணமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். உறவு ஒன்றும் இல்லை. நான் கட்டட மேஸ்திரி. ஊர் நகரிப் பக்கம். இப்போது திருப்பதியில் லாட்ஜ் வேலைகளில் இருக்கிறேன். அப்போது புத்தூரில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். அவள் வீட்டுப் பின்சுவரைப் பூசவும் ஒரு குளியலறை கட்டவும் கூப்பிட்டாள். சீக்கிரம் முடிய வேண்டிய வேலை. இழுத்துக்கொண்டே போனது. அதற்கு அவளே காரணம்.

வீட்டில் அவளும் மகளும்தான். வீட்டுக்காரர் தறி ஓட்டியவர், இறந்துவிட்டார். மகளைத் தெருவே பாப்பா என்று கூப்பிடும். பாப்பாவுக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து பட்டுப்புடவைகளுக்குக் குச்சு கட்டுவாள். முந்தானை நூலைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கட்டுகிற வேலை. அதிலும் அவசரம் கிடையாது. ஒரு புடவை கையில் இருந்தால் அடுத்த புடவையைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டாள்.

பாப்பாவைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் வீடு வீடு மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாள்.

பின்பக்கம் கொஞ்சம் தோட்டம். முருங்கை, பப்பாளி, வேலியோரம் துவரைச் செடிகள், பந்தலில் அவரை. சுவர் பழைய செங்கல் சுவர், மண் சாந்தில் கட்டியது. பூச்சே இல்லை. சாரம் கட்டிய ஓட்டை, ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டை, குழாய்க்குப் போட்டு விட்டுப்போன ஓட்டை என்று சுவர் பூராவும் ஓட்டை. முதல் நாள் சுவரை நனைத்தேன். சித்தாள் தேசம்மா கலவை கொண்டுவந்தாள். நான் அடித்துப் பூச ஆரம்பித்தேன். அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். வீட்டுக்காரர்கள் வேலையைப் பார்ப்பது சகஜம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சட்டி காலியானது. அப்போதுதான் பேசினாள்.

"மேஸ்திரி, அந்த மூல பக்கம் வேணாம். அத வுட்டுடு."

"ஏங்க்கா?"

"அங்க ஒண்ணு வேலை செஞ்சிக்கினு கீது. அது முடிக்கட்டும்."

பார்த்தேன். ஒரு ஓட்டையில் பாதிக்கு ஈர மண் வைத்திருந்தது. பக்கத்தில் இன்னும் சில ஓட்டைகள் முழுதாக மூடிக் காய்ந்திருந்தன. அதே மாதிரி ஓட்டைகள் நான் அப்போது பூசிய இடத்திலும் இருந்தது நினைவுக்கு வந்தது.

"இங்கியும் இருந்துதேக்கா. முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ பூசிக்கினு இருந்தியே" என்றாள்.

அப்போது தேனீ மாதிரி ஒரு ஈ வந்தது. வாயில் மண் உருண்டை. நான் பூசிய ஈரச் சிமெண்டின் முன்னால் பறந்தபடி நின்றது. மேலே போனது, கீழே வந்தது, பக்கவாட்டில் போனது. உட்கார்ந்தது. கால் ஒட்டியதோ என்னவோ, உடனே எழுந்தது. திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் வருத்தம் தெரிந்தது. ஆனால் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையை நிறுத்தியிருப்பேன். அவளுக்கு அந்த ஈயும் ஒன்று, நானும் ஒன்று. இரண்டு பேரும் வேலையில் இருந்தோம்.

மூலையில் ஒரு கதவு அகலத்துக்குப் பூசாமல் விட்டேன். மற்ற சுவரை மட்டம் பார்த்து முடித்தேன். தோல் உரிந்த மாதிரி அந்த ஒரு இடம் மட்டும் செங்கல் தெரிந்துகொண்டு நின்றது. தேசம்மா சிரித்தாள்.

"ஏ மேஸ்திரி, செவுத்துக்கு ஜன்னல் வெச்சிட்டியா?"

மேஸ்திரிக்கு அது அவமானம்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் தெலுங்குக்காரி, குரல் பெரியது. முருங்கைக் கிளை அவள் பக்கம் சாய்ந்து கம்பளிப்பூச்சி விழுகிறது என்று ஒரு நாள் சண்டைக்கு வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆரம்பித்தாள். கம்பளிப்பூச்சியில் தொடங்கி, குப்பைக்குப் போய், குழாய்த் தண்ணீருக்குப் போய், அக்காவின் மாமியார் காலத்துக் கதை வரைக்கும் போனாள். அக்கா கையில் முறம். அதில் அரிசி. புடைப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் அந்தப் பெண்ணுக்கே மூச்சு வாங்கியது. நின்றாள்.

"அயிப்போயிந்தா?" என்று அக்கா கேட்டாள். முடிந்ததா என்று. கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். "காப்பி குடிக்கிறியா?"

அந்தப் பெண் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனாள். அன்று சாயந்திரம் அக்கா என்னை ஏணி போடச் சொல்லிக் கிளையை வெட்டினாள்.

இன்னொரு நாள் குரங்கு. மலைப்பக்கத்திலிருந்து வருகிற குரங்குகளுக்குப் புத்தூரில் பஞ்சம் இல்லை. பப்பாளி மரத்தில் பழுத்த ஒன்றே ஒன்றைப் பிடித்து உட்கார்ந்து தோண்டித் தின்றுகொண்டிருந்தது. தேசம்மா கல் எடுத்தாள்.

"வுடு தேசம்மா. பாதி துன்னுடுச்சி. இனி நமக்கா ஆவும்? துன்னு முடிக்கட்டும்."

"நாளிக்கி இன்னொண்ணு இட்டுனு வரும்க்கா."

"நாளிக்கி வந்தா, வரச்சே வெரட்டு. துன்றச்சே வெரட்டாத."

மறுநாள் வந்தது. வரும்போதே அக்கா தடியோடு நின்றாள். ஓடிவிட்டது. இது ஒரு நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது.

எனக்கும் அந்தக் குணம் ஒரு தடவை உதவியது. நான் அதிகம் பேசாதவன். பேசினாலும் நிறுத்தி நிறுத்திப் பேசுவேன். நிறுத்துகிற இடத்தில் மற்றவர்கள் புகுந்துவிடுவார்கள். சொல்ல வந்தது உள்ளேயே நின்றுவிடும். ஒரு மத்தியானம் சாப்பிட்ட பிறகு என் தம்பியைப் பற்றி அவளிடம் சொன்னேன். பெங்களூருக்குப் போனவன். அம்மா செத்ததற்கும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன். அவள் புகவில்லை. அடுத்த வார்த்தை வந்தது. அப்புறம் இன்னொன்று. கொள்ளி வைத்தது வரைக்கும் சொல்லி முடித்தேன். என் வீட்டுக்காரியிடமே அவ்வளவு சொன்னதில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு, "மோர் குடி" என்றாள். அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது.

அந்த ஈக்களை அவள் பார்க்கிற விதம் வேறு. காலையில் பாப்பா பஸ் ஏறின பிறகு, என்னுடைய காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டுச் சுவர் முன்னால் உட்காருவாள். மடியில் குச்சு கட்டுகிற புடவை. கை அதன் பாட்டுக்குப் போகும். கண் சுவரில்.

ஊரில் மண் வைக்கிற எதையும் குளவி என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

"குளவி இல்ல மேஸ்திரி. குளவின்னா புழு தூக்கினு வரும். இது பூ மாவு கொண்டாருது பாரு."

பார்த்தேன். தேனீயைவிடக் கொஞ்சம் தடிப்பு. முதுகில் செம்பட்டை மயிர். வயிற்றுக்கு அடியில் மஞ்சள் மாவு அப்பியிருந்தது. துவரம்பூவிலிருந்து வரும். தலையை முன்னால் விட்டு ஓட்டைக்குள் போகும். கொஞ்ச நேரத்தில் வெளியே வரும். திரும்பிக்கொண்டு, இந்தத் தடவை பின்பக்கமாக நுழையும். முதலில் வாயில் உள்ளதைக் கக்கும், அப்புறம் வயிற்று மாவை உதிர்க்கும் என்று அக்கா சொன்னாள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவளும் பார்த்ததில்லை. வெளியில் தெரிகிறதை வைத்துச் சொன்னாள்.

மாவு போதும் என்றானதும் மண்ணுக்குப் போகும். துணி துவைக்கிற கல்லுக்குக் கீழே எப்போதும் ஈரம். அங்கே உட்கார்ந்து வாயால் உருட்டி எடுத்து வரும். உள்ளே ஒரு தடுப்பு வைக்கும். அடுத்த அறைக்கு மறுபடி மாவு. மறுபடி தடுப்பு. ஓட்டை நிறைந்ததும் வாசலில் கெட்டியாக ஒரு பூச்சு. அந்தக் கடைசிப் பூச்சை நான் உற்றுப் பார்ப்பேன். தொழில்காரன் கண் அது. விளிம்பு எங்கே, செங்கல் எங்கே என்று தெரியாமல் இழைத்திருக்கும். கரணை இல்லை. சித்தாள் இல்லை. கூட்டம் கிடையாது, ராணி கிடையாது. ஒவ்வொன்றும் தனக்குத்தானே செய்துகொள்ளும். சாயந்திரம் ஆனால் தன் ஓட்டைக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். குனிந்து பார்த்தால் முகம் தெரியும்.

"மூடிட்டா அப்பால வந்து பாக்குமாக்கா?"

"எங்க வரும்? அதுக்குள்ள அதோட காலம் முடிஞ்சிடும். புள்ள மூஞ்ச பாக்கிறதே இல்ல."

"பின்ன எதுக்கு இவ்ளோ பாடு?"

அவள் பதில் சொல்லவில்லை. ஒரு ஈ மண் வைத்துக்கொண்டிருந்தது. அது வைத்துவிட்டுப் பறந்த பிறகும் சொல்லவில்லை.

ஒரு நாள் பச்சை நிறத்தில் ஒன்று வந்தது. பச்சையும் நீலமுமாக, உடைந்த கண்ணாடி வளையல் மாதிரி மின்னியது. ஈ இல்லாத நேரம் பார்த்து அந்த ஓட்டைக்குள் நுழைந்தது.

"அது இன்னாக்கா?"

"அது திருட்டு முட்ட வெக்கிறது. உள்ள போய் தன் முட்டைய வெச்சிட்டு வரும். அதோட குஞ்சு, இதோட குஞ்ச துன்னுட்டு வளரும்."

நான் எழுந்து கையை ஓங்கினேன். அவள் தடுக்கவில்லை. தடுப்பது அவள் வழக்கம் இல்லை. ஆனால் என் கையைப் பார்த்தாள். நான் கையை இறக்கிவிட்டேன். பச்சை நிதானமாக வெளியே வந்து, வாசலில் கால் தேய்த்துவிட்டுப் பறந்தது. ஈ மாவோடு வந்தது. ஒன்றும் தெரியாமல் உள்ளே போனது. தடுப்பு வைத்தது.

"தெரிஞ்சே வுட்டுட்டியேக்கா."

"அதுவும் வேலையாதான வந்துது" என்றாள்.

அன்று எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பச்சைதான் கண்ணில் நின்றது. தேசம்மா கூட நடந்து வந்தாள். அவளுக்கும் அக்காவின் தெருதான், கடைக்குப் போக வந்தாள். அவள்தான் அக்காவின் வீட்டுக்காரர் கதையைச் சொன்னாள்.

அவர் நகரியில் ஒரு தறிக் கொட்டகையில் ஓட்டினார். அக்கா சோறு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவருக்கு நெஞ்சு வலி. வேர்த்துக் கொட்டியிருக்கிறது. வா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். இந்த ஒரு புடவை முடியப் போகிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். இவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள். புடவை முடிந்தது. தறியை நிறுத்தினார். அப்படியே சாய்ந்துவிட்டார்.

"கையப் புடிச்சி இழுத்துக்கினு போயிருந்தா மனுஷன் இன்னிக்கும் இருந்திருப்பாரு. தெரு பூரா சொல்லும். நானே சொல்லியிருக்கேன், மூஞ்சிக்கு நேரா."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டா. அப்பால, 'அவரு முடிச்சாரு தேசம்மா'ன்னா. அவ்ளோதான்."

அதைக் கேட்ட பிறகு அந்தப் பச்சையைப் பற்றி நான் அவளிடம் பேசவில்லை. அவளுக்கு அது குணமா, அல்லது அன்றைக்குப் பிறகு வேறு மாதிரி இருந்தால் அன்று நின்றதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்று இப்படியே இருந்தாளா, எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

பெண் பார்க்க வருகிற நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை.

பையனுக்கு ஊர் கங்காதர நெல்லூர், சித்தூர்ப் பக்கம். வேலைக்காகப் புத்தூரில் ரூம் எடுத்து, பாப்பா போகிற அதே கம்பெனி பஸ்ஸில் போகிறவன். பெரியவர்கள் பார்த்துக் கொண்டுவந்த இடம் என்றுதான் பெயர். பாப்பாவுக்கு அவனைப் பிடித்திருந்தது என்று எனக்கே தெரிந்தது. அந்த வாரம் முழுக்க அவள் பாடிக்கொண்டே தண்ணீர் பிடித்தாள். வேலை முடிந்து களைத்து வருகிற பெண், வந்ததும் துடைப்பத்தை எடுத்துத் தோட்டத்தைப் பெருக்குவாள். இந்த இடம் அமைந்தால் போதும் என்று அக்காவும் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். அவள் எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

"மேஸ்திரி, நீயும் இருப்பா. வாசல்ல ஆம்பள ஒருத்தரு நின்னா நல்லாருக்கும்" என்று என்னையும் கூப்பிட்டிருந்தாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். தேசம்மா என்னைப் பார்த்துவிட்டு, "மாப்பிள வந்துட்டாரு, காப்பி கொடுங்க" என்றாள். பாப்பா சிரித்து, அடுப்படிக்குள் ஓடினாள்.

பையன், அவன் அப்பா, அத்தை மூவரும் வந்தார்கள். பையன் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தான். அப்பா சாதுவான ஆள். பேச்செல்லாம் அத்தைதான். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். பேசுகிறவள். பாப்பா காப்பி கொண்டுவந்தாள். அத்தை புடவையைப் புகழ்ந்தாள், காப்பியைப் புகழ்ந்தாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. கை கழுவுகிறேன் என்று பின்பக்கம் போனாள்.

திரும்பி வரும்போது முகம் வேறாக இருந்தது. சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா, பின்னால செவுரு பூரா குளவி கூடு கட்டிக்கினு கீதே! பாத்தியா நீ?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தேசம்மாவுக்கும் புரிந்திருக்கும். குளவி ஒரு வீட்டில் கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். புதுசாகக் கல்யாணமான வீடுகளில் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"மண்ணு கூட காயல. புது மண்ணு. குளவி சும்மா கட்டாதுன்னு எங்க ஊர்ல சொல்வாங்க. நான் சொல்லல, பெரியவங்க சொன்னது. முழுகாம கீற பொம்பள இருக்கிற வூடா பாத்துதான் கட்டுமாம். எங்க அண்ணிக்கு அப்டிதான், ஒரு மாசம் முன்னாலியே குளவி சொல்லிடுச்சி. ஹ... இந்த வூட்ல கீறது ரெண்டே பேரு. உனக்கு வூட்டுக்காரரு இல்ல. அப்ப யாருக்குன்னு கட்டுது அது?"

சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் சொன்னது அப்படியே நடுவில் உட்கார்ந்துவிட்டது. அவளாலும் அதை எடுக்க முடியவில்லை. எடுக்கத் தெரியாமல் மேலும் பேசினாள்.

"கம்பெனிக்குப் போற பொண்ணுங்க. பஸ்ல போறது, ஷிப்டு முடிஞ்சி வர்றது. நாம இன்னாத்த கண்டோம்? நான் ஒண்ணும் சொல்லலம்மா. கேக்கறேன், அவ்ளோதான்."

நான் அக்காவைப் பார்த்தேன். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். பையனும் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். ஒரு வார்த்தை. அடச்சீ என்று ஒரு வார்த்தை போதும். அக்கா அந்த அத்தையின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து நின்ற மாதிரி. சுவரைப் பார்த்து உட்காருகிற மாதிரி. அவள் முடிக்கட்டும் என்று நின்றாள்.

மற்றவர்களுக்கு அது அப்படித் தெரியவில்லை. பதில் இல்லாமல் நிற்கிற தாயாகத் தெரிந்தது.

அத்தை ஒரு வழியாக நிறுத்தினாள். அப்புறம்தான் அக்கா சொன்னாள்.

"அது குளவி இல்லம்மா. ஈ. பூ மாவு எடுத்தாந்து வெக்கும். துவர பூக்கறப்ப வரும்."

பையனின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பாதி காப்பி இருந்தது.

"சரிம்மா. நாங்க வூட்ல கலந்துக்கினு போன் பண்றோம்."

போய்விட்டார்கள். பையன் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான்.

பாப்பா வெளியே வந்தாள். பூ வைத்த தலை. அழவில்லை.

"ஏம்மா. நீ இன்னா கல்லா?"

"அவங்க பேசிக்கினு இருந்தாங்க."

"என்ன பத்திதாம்மா பேசிக்கினு இருந்தாங்க! ஊரான் வூட்டு கத மாதிரி கேட்டுக்கினு நிக்கற. நடுவுல ஒரு வார்த்த சொன்னா வாய் இன்னா வெந்தா பூடும்? ஈயாம், பூ மாவாம். அதையும் அவ மொத்தம் சொல்லி முடிச்சப்பறம். யாரு கேட்டா அத? நாளிக்கி அதே பஸ்ல நான் எப்டி ஏறுவேன்? நீ எல்லாத்தையும் முடிக்க வுடுவ. நைனாகிட்டயும் இப்டித்தான நின்ன."

தேசம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் வாசலைப் பார்த்தேன். அக்கா அதையும் முழுதாகக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் குனிந்து காப்பி டம்ளர்களை எடுத்தாள்.

பாப்பா என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அந்த மூலைய பூசிடுங்க. எனக்கு அது இருக்கக் கூடாது."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"பூசு மேஸ்திரி" என்றாள். "அவ சொல்றா."

அன்று சிமெண்ட் இல்லை. அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொன்னேன். அந்த வாரம் போன் வரவில்லை. பாப்பா பஸ்ஸுக்குப் போனாள், வந்தாள். அக்காவிடம் பேசவில்லை என்று தேசம்மா சொன்னாள். அக்கா காலையில் சுவர் முன்னால் உட்காரவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பாப்பா துவைத்த துணியைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். அக்கா கல்லில் துவைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் சில ஓட்டைகள்தான் பாக்கி, மற்றதெல்லாம் மூடியாகிவிட்டது. ஒரு ஈ மட்டும் இன்னும் போய் வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காமல் கலவை போட்டேன். கலவை போட்டுவிட்டால் காத்திருக்க முடியாது. சுவருக்குத் தண்ணீர் அடிக்க வாளியை எடுத்தேன்.

அப்போது போன் அடித்தது. அக்கா அதைக் கல்லின் மேல் வைத்திருந்தாள். கையில் சோப்பு. விரலால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். எல்லாருக்கும் கேட்டது.

அத்தைதான்.

"நல்லாக்கீறியாம்மா? அன்னிக்கி பேசினத மனசுல வெச்சிக்காத. எனக்கு வாயி அப்டி. இங்க இந்தப் பையன் புடிவாதம் புடிக்கிறான். கட்னா அந்தப் பொண்ணுதான்னு சோறு துன்னாம கெடக்கறான். சரின்னு எல்லாம் ஒத்துக்கினோம்."

பாப்பாவின் கையில் ஒரு ஈரப் பாவாடை. உதறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளிச்சமானதை நான் பார்த்தேன். ஒரு வாரமாக இல்லாத முகம்.

"ஒண்ணே ஒண்ணும்மா. தப்பா எடுத்துக்காத. எங்க வூட்ல பெரியவங்க கீறாங்க, நாலு பேரு நாலு சொல்லுவாங்க. அங்க புத்தூர்லியே லேடி டாக்டரு இருப்பாங்க இல்ல, பாப்பாவ ஒரே ஒரு தடவ இட்டுக்கினு போய் காட்டி, வயித்துல ஒண்ணும் இல்லன்னு ஒரு சீட்டு எழுதி வா—"

அக்கா சோப்புக் கையால் போனை அமர்த்திவிட்டாள்.

வாக்கியம் பாதியில் நின்றது. அவள் அப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவில்லை. அவளே நினைத்திருப்பாளா தெரியாது. கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். நுரை ஒழுகியது.

பாப்பாதான் முதலில் பேசினாள்.

"அவங்க பேசிக்கினு இருந்தாங்கம்மா."

"ஆமா."

"முடிக்கல."

"முடிக்க வேணாம்" என்றாள் அக்கா.

போன் மறுபடி அடித்தது. கல்லின் மேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. பாப்பா இரண்டடி வைத்தாள். எடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுடைய கல்யாணம். அவளுக்குப் பிடித்த பையன். எடுத்திருந்தால் தப்புச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அக்காவும் தடுத்திருக்க மாட்டாள். பாப்பா கிட்டே போய் நின்று, அடிக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடித்து ஓய்ந்தது.

அந்த இடம் அதோடு போயிற்று. பையன் பிறகு வேறு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன்.

என் கலவை சட்டியில் இறுக ஆரம்பித்தது. பூசு என்று யாரும் சொல்லவில்லை. பூசாதே என்றும் சொல்லவில்லை. குளியலறை வாசலில் ஒரு படி விட்டுப்போயிருந்தது. அதை அங்கே கொண்டுபோய்ப் போட்டேன். போட்டுவிட்டுக் கரணையைக் கழுவ வந்தேன்.

பாப்பா ஈரப் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சத்தம் போட்டு அழுதாள். அன்று அழ வேண்டியதையும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். அக்கா அழாதே என்று சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துவிடவில்லை. ஈரக் கையோடு பக்கத்தில் போய் நின்றாள். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் நின்றாள்.